உங்க மண்ணுக்கு எத்தனை சிசி?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா பாஸ்?

உங்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தார் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணிலும் கல்லிலும் வண்டி விட வேண்டும் என்று ஆசை. ஃபோர் ஸ்ட்ரோக் எல்லாம் வேண்டாம். கிக்கரை மிதித்ததும் 'டரிங் டிங் டிங்' என்று நீலப் புகையோடு சிரிக்கிற டூ ஸ்ட்ரோக்தான் வேண்டும். சரி... எத்தனை சிசி வாங்குவீர்கள்? 100? 135? இல்லை, யூடியூபில் மலை ஏறுகிற அந்த 250, 300?

"இதுல என்ன பாஸ் யோசனை? இருக்கறதுலயே பெருசு!" என்று மனசுக்குள் சொல்லிவிட்டீர்கள்தானே? என் சித்தி பையனும் அச்சு அசலாக இதைத்தான் சொன்னான்.

ஆளைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ் என்று ஓட்டி, ஒரு வருஷ ஸ்டைபண்டில் பாதிக்கு மேல் சேர்த்து வைத்திருந்தான். பெங்களூரில் ஒருவர் பந்தயத்துக்கு வைத்திருந்த 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியை விற்கிறார் என்று தெரிந்ததும் பையனுக்குத் தூக்கம் போச்சு. காசு பத்தாது. "மீதிக்கு அம்மா வளையலை வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றான், ரொம்ப சாதாரணமாக.

அந்த வளையல்தான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. ஒரு வருஷ உழைப்பு, சித்தியின் வளையல், ஒரு பையனின் முட்டி எலும்பு... மூன்றும் ஒரே ஒரு நம்பரை நம்பி நிற்கிறது. அந்த நம்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாங்க, கணக்குப் போடலாம்.

நம்ம ஊர்ப் புகை!

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. டூ ஸ்ட்ரோக்குக்கும் ஓசூருக்கும் உறவு பழசு. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்தது இங்கேதான். 50 சிசிக்கும் ஒரு இழை குறைவான எஞ்சின். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர், ஒரு கூடை தக்காளி, நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி என்று சந்தைக்குப் போன தலைமுறை நம் தாத்தாக்களுடையது. 1984-ல் ஜப்பானின் சுசூகியோடு கை கோத்து இண்ட்-சுசூகி ஏஎக்ஸ் 100 வந்தது. அப்புறம் சாமுராய், ஷோகன், ஷாவோலின்... எல்லாமே டூ ஸ்ட்ரோக், எல்லாமே ஓசூர்ச் சரக்கு. 2001-ல் டிவிஎஸ்ஸும் சுசூகியும் பிரிந்தன. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபோது மொபெட்டும் புகைக்கு டாட்டா காட்ட ஆரம்பித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்தது. அதுவும் டூ ஸ்ட்ரோக், 250 சிசி. வடக்கே எஸ்கார்ட்ஸ் 1985-லிருந்து செய்த யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுக இறுக, 2005 வாக்கில் ஆர்எக்ஸ் 135-ம் நின்றுபோனது. ஆக, ரோட்டில் ஓட்டுகிற மாதிரி டூ ஸ்ட்ரோக் பைக் இன்று வேண்டுமென்றால் பழசைத்தான் தேட வேண்டும்.

இந்தச் சின்ன எஞ்சின்களுக்குள் ஒரு சினிமாக் கதையே இருக்கிறது, தெரியுமா? கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனி இன்ஜினீயர் வால்டர் காடன், 1950-களில் சைலன்சர் குழாயின் வடிவத்தை மாற்றியே டூ ஸ்ட்ரோக்கின் சக்தியை எகிற வைத்தார். குழாய்க்குள் ஓடும் சத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்க்கிற பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த வித்தை! அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்குப் பக்கம் தப்பி ஓடி, சுசூகியில் சேர்ந்தார். 1962-ல் சுசூகிக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எந்தப் பிரிவில்? 50 சிசி! சின்ன எஞ்சின் என்று சிரித்தவர்கள் எல்லாம் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டார்கள்.

பத்து சிசியில் இத்தனை வித்தியாசமா?

இப்போ மேட்டருக்கு வருவோம். சிசி கூடினால் சக்தி கூடும். ரைட்டு. ஆனால் எவ்வளவு கூடும்?

ஓசூரிலேயே உதாரணம் இருக்கிறது. சாமுராய் 98 சிசி, சுமார் 8 குதிரை சக்தி. ஷோகன் 108 சிசி, 14 குதிரை சக்தி. கூடியது பத்தே பத்து சிசி. சக்தியோ ஒன்றேமுக்கால் மடங்கு! அதே 98 சிசியில் ஆர்எக்ஸ் 100 தருவது 11. இப்போது யமஹாவின் மோட்டோகிராஸ் வண்டியான ஒய்இசட் 125-ஐ எடுங்கள். ஆர்எக்ஸ் 100-ஐ விட 27 சிசிதான் அதிகம். சக்தி சுமார் மூன்று மடங்கு!

எப்படி? டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் 'போர்ட்' என்கிற ஜன்னல்கள்தான். பிஸ்டனே கதவு மாதிரி அவற்றை மூடித் திறக்கும். ஜன்னல் உயரமாக இருந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பேய் மாதிரி இழுக்கும். கீழ் வேகத்தில் உயிரே இருக்காது. ஜன்னல் தாழ்வாக இருந்தால் கீழேயே நன்றாக இழுக்கும். மேலே போனால் மூச்சு வாங்கும். எஞ்சின் எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை நன்றாக இழுக்கிறதோ, அதற்குப் பெயர்தான் பவர் பேண்ட்.

ஆகவே, சிசியை மட்டும் கேட்டு வண்டி வாங்குவது, மாப்பிள்ளை பார்க்கப் போய் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வருகிற மாதிரி. குணத்தைக் கேட்க வேண்டாமா?

ஸ்கூல் கணக்கு, வண்டிக் கணக்கு

பத்தாம் வகுப்பில் உருளையின் கன அளவு படித்தோமே, இப்போ அது உதவப் போகிறது. ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 98 சிசி. ஆர்எக்ஸ் 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50. போர் மட்டும் 58. போட்டுப் பாருங்கள், 132 வரும். அதாவது பிஸ்டன் போய் வரும் தூரம் மாறவில்லை, பிஸ்டன் மட்டும் குண்டாகிவிட்டது.

இதே டெக்னிக்கைத்தான் ஆஸ்திரியாவின் கேடிஎம்மும் தன் காட்டு வண்டிகளில் செய்தது. 250-க்கு போர் 66.4, ஸ்ட்ரோக் 72. 300-க்கு ஸ்ட்ரோக் அதே 72, போரும் 72. ரிசல்ட் 293 சிசி.

பிஸ்டன் குண்டானால் என்ன லாபம்? ஒவ்வொரு வெடிக்கும் அதிக விசை, அதனால் கீழ் வேகத்திலேயே அதிக இழுவை. எஞ்சினை அலற விடாமலே பாறை மேல் ஏறலாம். அதனால்தான் வெளிநாட்டு எண்டியூரோ ரைடர்களில் பலரும் "250-ஐ விட 300 ஓட்டறது ஈஸி" என்று சொல்வார்கள். காதுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் நிஜம். 125-ல் கிளட்சும் கியரும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். 250 மோட்டோகிராஸ் வண்டி சட்டென்று வெடித்துக் கிளம்பும். 300 எண்டியூரோ வண்டியோ ட்ராக்டர் மாதிரி நிதானமாக இழுக்கும். ஆஸ்திரியாவில் ஒரு இரும்புச் சுரங்க மலையில் நடக்கும் எர்ஸ்பெர்க் பந்தயத்தில் 300 டூ ஸ்ட்ரோக்குகள் கொடி கட்டிப் பறந்ததன் ரகசியம் இதுதான்.

அப்போ 300-தான் வாங்கணுமா? அவசரப்படாதீங்க பாஸ். அந்த நிதானம் எல்லாம் த்ராட்டிலைக் கால்வாசி திருகும் வரைதான். முழுசாகத் திருகினால் 50 குதிரை சக்திக்கு மேல், சுமார் நூறு கிலோ வண்டியில்! சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். பெரிசுதான் பெஸ்ட் என்றால் 500 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகள் இன்றைக்கு ராஜாவாக இருந்திருக்க வேண்டும். ஹோண்டா தன் சிஆர் 500-ஐ 2001-லும், கவாசாகி தன் கேஎக்ஸ் 500-ஐ 2004-லும் நிறுத்திவிட்டன. அந்த சக்தியை மண்ணில் இறக்கக் கைவந்த ரைடர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு 250-ஏ தாராளம். ஆனால் 125 மட்டும் சாகவில்லை. உலக ஜூனியர் மோட்டோகிராஸில் பொடிசுகள் 65-ல் ஆரம்பித்து, 85-க்குப் போய், அப்புறம்தான் 125-ல் ஏறுகிறார்கள். சாம்பியன் ஆகப் போகிறவர்களே படிப்படியாக ஏறும்போது, நாம் மட்டும் நேராக மொட்டை மாடிக்குத் தாவினால் எப்படி?

ராகிக் கொல்லையில் ஒரு பரீட்சை

இவ்வளவும் சொன்னேன் தம்பியிடம். கேட்டானா? "தியரி எல்லாம் ஓகேண்ணா. ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். நியாயமான பேச்சு. மெக்கானிக்கல் படித்தவன் ஆச்சே!

கெலமங்கலம் பக்கம் நண்பன் வீட்டு நிலம். ஜனவரி மாசம், ராகி அறுப்பு முடிந்து கொல்லை காய்ந்து கிடந்தது. நண்பனின் அப்பாவிடம் கேட்டோம். "கெணத்துப் பக்கம் மட்டும் போகாதீங்கப்பா" என்று அனுமதி தந்தார். பழைய லுங்கியைக் கிழித்துக் குச்சியில் கட்டி ஒரு சுற்றுப் பாதை போட்டோம். நடுவில் இரண்டு வரப்பு, ஒரு பாறை மேடு, ஒரு செம்மண் இறக்கம். விற்கிறவர் பெங்களூரிலிருந்து தன் 250-ஐ டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர். பூட்ஸ், முட்டிக் கவசம், நெஞ்சுக் கவசம் எல்லாம் கொண்டு வந்து, "இதெல்லாம் போடாம ஏறக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் மாமாவின் பழைய சாமுராய். கெலமங்கலத்தில் மாட்டுக் கொட்டகை ஓரம் தூங்கிக்கொண்டிருந்ததை, கார்ப்பரேட்டர் கழுவி எழுப்பியிருந்தோம்.

போட்டி இதுதான்: ஒவ்வொரு வண்டியிலும் பத்து சுற்று. நான் மொபைலில் டைம் பார்ப்பேன்.

முதலில் 250. முதல் சுற்று... அடேங்கப்பா! மண் என் மூஞ்சியில் தெறித்தது. தம்பி முகத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே பல் தெரிந்தது. இரண்டாவது சுற்றும் செம வேகம். மூன்றாவதில் வேகம் குறைந்தது. நான்காவதில் முன்னங்கை கல் மாதிரி இறுகிவிட்டது என்று கையை உதறிக்கொண்டே போனான். ஆறாவது சுற்றில், வரப்பு ஏறும்போது உடம்பு பின்னால் போக, கை த்ராட்டிலை இழுத்துவிட்டது. வண்டி அவனை விட்டுவிட்டு அது பாட்டுக்குத் தனியாகப் போய்ப் படுத்தது. பூட்ஸும் கவசமும் இருந்ததால் ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தான். பத்து சுற்று முடியவில்லை.

அரை மணி நேரம் ஓய்வு, ஒரு சொம்பு மோர். அப்புறம் சாமுராய். முதல் சுற்று ஆமை வேகம். விற்கிறவரே சிரித்துவிட்டார். ஆனால் இரண்டாவது சுற்று முதலாவதை விட வேகம், மூன்றாவது அதை விட. ஐந்தாவதில் வரப்பில் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று உடம்பே கண்டுபிடித்தது. பாறை மேட்டில் முதல் கியரில் கிளட்சைத் தொட்டுத் தொட்டு ஏறினான். பத்து சுற்றும் முடித்தான். கடைசிச் சுற்று, 250-ல் அவன் ஓட்டிய ஐந்தாவது சுற்றை விட வேகம்!

எட்டு குதிரை, நாற்பத்தைந்து குதிரைக்கு மேல் உள்ள வண்டியை ஜெயித்தது எப்படி? சாமுராய் ஜெயிக்கவில்லை பாஸ். சாமுராயில் இருந்த சக்தி முழுவதையும் தம்பி பயன்படுத்தினான். 250-ல் பத்தில் ஒரு பங்கைக்கூட அவனால் தொட முடியவில்லை. மீதி அத்தனையும் அவனைப் பயமுறுத்தத்தான் பயன்பட்டது.

வண்டியை ஏற்றிக் கட்டும்போது விற்கிறவர் ஒரு வார்த்தை சொன்னார். "நான் மூணு வருஷம் ஆர்எக்ஸ் ஹண்ட்ரட்ல கீழ விழுந்து எந்திரிச்சுட்டுத்தான் குரு இதுல ஏறினேன்." விற்க வந்தவர் இப்படிச் சொல்வாரா? சொன்னார்!

பிளாக்கை விடு, பல்லைப் பாரு

"சின்ன வண்டிதான், ஆனா மேடு ஏற மாட்டேங்குதே" என்கிறீர்களா? எஞ்சினைப் பெரிசாக்கும் முன், செயின் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். உதாரணமாக முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.23. சக்கரத்தில் கிடைக்கும் இழுவை சுமார் எட்டு சதவிகிதம் கூடும். டாப் ஸ்பீடு அதே அளவு குறையும். ராகிக் கொல்லையில் டாப் ஸ்பீடு எதுக்கு? சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது.

நம் பசங்களுக்குப் பிடித்த இன்னொரு வேலை, ஆர்எக்ஸ் 100-ல் 135 பிளாக்கை மாட்டுவது. மாட்டலாம், உட்காரும். ஆனால் ஆர்சி புத்தகத்தில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறு எஞ்சின் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வந்து நிற்கும். கம்பெனி கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. விபத்து என்று ஒன்று நடந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேப்பர் இருக்கா மச்சா?

ஓசூர்க்காரனுக்கு ஒரு ஸ்பெஷல் தலைவலி உண்டு. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே பழைய வண்டி நிறையக் கிடைக்கும். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டிப் போய் வாங்கி, கேஏ நம்பரோடு இங்கேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு மாசத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், அந்த ஊரிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, டிஎன்-70 அல்லது கிருஷ்ணகிரி டிஎன்-24 என்று மாற்றியாக வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எல்லாமே பதினைந்தைத் தாண்டியதுதானே! விலையைப் பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டி என்றால் கதையே வேறு. அது பந்தயத்துக்கு மட்டும். நம்பர் பிளேட், ஹெட்லைட் எதுவும் கிடையாது. பொது ரோட்டில் பத்தடி ஓட்டினாலும் குற்றம். ஒவ்வொரு ஞாயிறும் அதை ஏற்றிப் போக டாடா ஏஸ் வாடகை யார் தருவது? 2024-ல் கேடிஎம் இந்தியாவில் 50, 65, 85 சிசி பந்தய டூ ஸ்ட்ரோக்குகளை அதிகாரபூர்வமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் குட்டியான 50-ன் விலையே அப்போது ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. குழந்தைகள் ஓட்டுகிற வண்டி, ஞாபகம் இருக்கட்டும்.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டுப் பாதை கூப்பிடும். போகாதீர்கள். காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அந்தக் காட்டின் பெரும் பகுதி 2014-லிருந்து காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். ராகி முற்றும் மாசங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும் வழியும் அதுதான். டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்கு ஊரே எழுந்திருக்கும், யானை எழுந்திருக்காதா? கைவிட்ட கிரானைட் குவாரிகளும் வேண்டாம். தண்ணீர் நின்ற குழி எவ்வளவு ஆழம் என்று மேலேயிருந்து தெரியாது. தெரிந்தவர் நிலம், கேட்டு வாங்கிய அனுமதி. இல்லையென்றால் பயிற்சி மைதானம். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ், கோலார் பக்கம் பிக் ராக் டர்ட் பார்க் என்று ஒன்றை ஆரம்பித்தார். நமக்கு எட்டுகிற தூரம்தான்.

வாங்கின பிறகு...

எந்த சிசி என்பதைப் பராமரிப்புச் செலவும் முடிவு செய்யும். பந்தய 125-ல் பிஸ்டன் மாற்றுவதைக் கிலோமீட்டரில் அளக்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் கணக்கு. எப்போதும் உச்ச வேகத்தில் சுற்றுகிற எஞ்சின் அது. ரோட்டுக்குச் செய்த பழைய 100-ம் 135-ம் அப்படி இல்லை. போர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, பத்து வருஷம் ஓட்டலாம். நம் ஊரில் லேத்துக்குப் பஞ்சமா என்ன?

ஃபோர் ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் ரொம்பக் குறைவு. இறக்கத்தில் த்ராட்டிலை விட்டால் வண்டி அடங்கும் என்று நம்பாதீர்கள், பிரேக்தான் துணை. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் வண்டியாக இருந்தால், நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை முழுக்க மூடியே வைத்திருக்கவும் கூடாது. பெட்ரோல் போகவில்லை என்றால் ஆயிலும் போகாது, பிஸ்டன் ஜாம் ஆகும். நடுநடுவே கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கி விடுங்கள். 40-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 25 மில்லி ஆயில். எந்த விகிதம் என்பதை வண்டியின் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஃப்ரெண்டைக் கேட்டு அல்ல. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப்களை அது அரிக்கும், கலவையையும் இளக்கும். மெக்கானிக்கிடம் கார்ப்பரேட்டர் ஜெட்டைச் சரி பார்க்கச் சொல்லுங்கள்.

தினமும் காலேஜுக்கும் அதே வண்டிதான் என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரி ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் காதல் வேறு, எட்டு மணி கிளாஸ் வேறு.

சரி, முடிவு என்ன?

உங்களிடம் மூன்றே கேள்வி. ஒன்று, நீங்கள் ஓட்டப் போகும் மண் எது? பாறையும் மேடும் என்றால் கீழ் வேக இழுவை வேண்டும், ஸ்ப்ராக்கெட் மாற்றிய 100 அல்லது 135 போதும். அகலமான மைதானம், ஜம்ப், பந்தயம் என்றால் 125 மோட்டோகிராஸ். அதுவும் இரண்டு வருஷம் மண்ணில் விழுந்து எழுந்த பிறகு. 250-ம் 300-ம் அதற்கும் அப்புறம். இரண்டு, த்ராட்டிலை முழுசாகத் திருகி உங்களால் எத்தனை நொடி தாங்க முடியும்? இரண்டு நொடிகூட முடியாது என்றால் அந்த வண்டி உங்களுக்குப் பெரிசு. மூன்று, வண்டி வாங்கின பிறகு பூட்ஸ், ஹெல்மெட், முட்டிக் கவசம் வாங்கக் கையில் காசு மிச்சம் இருக்குமா? இருக்காது என்றால் ஒரு படி இறங்கி வாங்குங்கள். சிசியில் மிச்சம் பிடித்த காசைப் பூட்ஸில் போடுங்கள்.

தம்பி மூன்று கேள்விக்கும் விடை எழுதிப் பார்த்தான். மாமாவிடமிருந்து சாமுராயை முறைப்படி தன் பேருக்கு மாற்றி, ஆர்சி புதுப்பித்து, ரீபோர் போட்டு, நல்ல பூட்ஸ் ஒரு ஜோடியும் வாங்கினான். அத்தனைக்கும் பிறகு ஸ்டைபண்ட் சேமிப்பில் மிச்சம் இருந்தது. சித்தி கையில் வளையல் அப்படியே இருக்கிறது.

250 ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். "போகலண்ணா. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு, என் காசுல" என்றான்.

உங்கள் மண் எது பாஸ்? முதலில் அதில் இறங்கி ஒரு தடவை நடந்து பாருங்கள். கல் எங்கே, குழி எங்கே, வழுக்கல் எங்கே என்று உங்கள் காலுக்குத் தெரியட்டும். எத்தனை சிசி என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்!